ஏறவிடாத குதிரை, உதறும் குதிரை: முதுகுவலியை அறிகுறியிலிருந்து தேடிப் பிடிப்பது

சவாரிக் குதிரை ஒன்று கடிக்கத் தொடங்கினால், ஏறவிடாமல் சுற்றிச்சுற்றி வந்தால், கேண்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், பின்னங்காலை உதறி ஆளைத் தள்ளினால், லாயத்தில் முதலில் கிளம்பும் பேச்சு அதன் சுழியைப் பற்றியதாகத்தான் இருக்கும். நெற்றிச் சுழி சரியில்லை, கழுத்துச் சுழி ஆகாது என்பார்கள். அடுத்து, ‘திமிர் பிடித்தது’. அதற்கடுத்து, கொள்ளுத் தீனியைக் குறை, சாட்டையை எடு, வாய்க்கம்பியை மாற்று. முத்து என்று நாங்கள் கூப்பிடும் குதிரைக்கு இந்த மூன்றையும் ஒன்றரை வருடம் செய்தோம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று, ஏழு வயதில் எங்களிடம் வந்த செவலை ஆண் குதிரை அது. கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, சேணம் உட்காரும் இடத்திலேயே முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் முள்முனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. அந்த ஒன்றரை வருடத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் குதிரைக்காவது அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் நோயைக் கண்டுபிடிக்க உதவும் முதல் கேள்வி, குதிரை என்ன செய்கிறது என்பதல்ல. எப்போது செய்கிறது என்பது. உதறல் ஒன்றுதான். ஆனால் வார் இறுக்கும்போது வரும் உதறலுக்கும், இருபது நிமிடம் கழித்து இடப்பக்கக் கேண்டரில் மட்டும் வரும் உதறலுக்கும் காரணம் வேறு. அதனால் கீழே நோயின் பெயரால் பிரிக்காமல், தொந்தரவு வரும் நேரத்தால் பிரித்திருக்கிறேன். உங்கள் குதிரைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

சேணத்தைக் கழற்றிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

ஒரு நாள் ஓய்வு, அன்றும் முழுத் தீனி, மறுநாள் சவாரி. கிளம்பிய சிறிது நேரத்தில் குதிரை நின்றுவிடுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பிட்டத்துச் சதை கட்டைபோல் இறுகியிருக்கிறது, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது. இது தசை சிதையும் நோய். முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்து நடக்க வைப்பார்கள். நடக்க வைக்கவே கூடாது. நின்ற இடத்திலேயே நிழலும் தண்ணீரும் கொடுத்து டாக்டரை வரவழைக்க வேண்டும். சிதைந்த தசையிலிருந்து வரும் நிறமி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பின்பகுதி குடித்தவன்போல் தள்ளாடுகிறது, திருப்பும்போது கால்கள் பின்னிக்கொள்கின்றன, குளம்பு முனை தரையில் இழுபடுகிறது என்றால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். நம் நாட்டில் சர்ராவையும் மறக்கக்கூடாது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் இந்த ஒட்டுண்ணி நோயில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் இறங்கும், பின்பகுதி பலம் இழக்கும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் இதை முதுகுவலி என்று தேய்த்துக்கொண்டிருந்தால் குதிரையை இழப்பீர்கள்.

வயிற்றைத் திரும்பித்திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரண்டு எழுவது, சாணம் போடாமல் இருப்பது வயிற்றுவலி. அதற்கும் காத்திருக்கக் கூடாது.

கையால் பார்ப்பது

குதிரையைச் சமதரையில், நான்கு காலும் சமமாக நிற்கும்படி நிறுத்துங்கள். அதற்குப் பழக்கமான ஒருவர் தலைப்பக்கம் இருக்கட்டும். கட்டிப்போட்டுவிட்டுப் பார்க்காதீர்கள், வலித்தால் அது விலகிப்போக இடம் வேண்டும். நீங்கள் உதை படாத வகையில் தோளை ஒட்டி நின்றுகொள்ளுங்கள்.

பிடரிமயிர் முடியும் இடத்தில் ஒரு மேடு இருக்கும், விதர்ஸ் என்பார்கள். அதற்குப் பின்னால் தொடங்கி, முதுகெலும்புக்கு நான்கு விரல் கீழே ஓடும் நீளமான தசை மேல் உள்ளங்கையை வைத்து, இடுப்பு வரை மெதுவாக வருடுங்கள். முதலில் அழுத்தமே வேண்டாம். சூடு எங்கே இருக்கிறது, எங்கே மயிர் குலைந்திருக்கிறது, எங்கே பள்ளம் என்று கை சொல்லும். இரண்டாம் முறை விரல் நுனிகளால் சிறிது அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல முதுகு அழுத்தத்துக்குச் சற்று இறங்கி மெத்தைபோல் திரும்ப எழும். வலிக்கும் முதுகு இரண்டில் ஒன்றைச் செய்யும்: சட்டென்று அமிழ்ந்து விலகும், அல்லது பலகைபோல் இறுகி, அசைய மறுக்கும். இரண்டாவதுதான் நம்மை ஏமாற்றும். ‘பார், எதுவும் செய்யவில்லை, வலி இல்லை’ என்று சொல்லிவிடுவோம். அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும். காது பின்னால் போகிறதா, மூக்குத்துளை சுருங்குகிறதா, கண்ணுக்கு மேலே தசை இறுகி முக்கோணமாகிறதா, மூச்சை நிறுத்துகிறதா?

கூச்சமா வலியா என்ற சந்தேகம் வரும். ஒரே இடத்தை மூன்று முறை தொடுங்கள். கூச்சம் மூன்றாவது முறை குறையும். வலி குறையாது, பெரும்பாலும் கூடும்.

இதை ஒரு நாள் பார்த்தால் போதாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்து நாள் எழுதுங்கள்: யார் ஏறினார், எந்தச் சேணம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம், எப்போது தொந்தரவு, முந்தைய தீனி எத்தனை மணிக்கு. கூடவே சைஸிடம், அதாவது குதிரையைப் பராமரிக்கும் லாயக்காரரிடம், கேளுங்கள். முத்துவின் விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். “ஆறு நாளா இவன் மண்ணுல புரளவே இல்லைங்க. ஒரு பக்கமா படுக்கறான், அப்படியே எந்திரிச்சுடறான்” என்றார். முதுகு வலிக்கும் குதிரை முழுதாகப் புரளாது. ஏறிச் சவாரி செய்கிற நாங்கள் யாரும் அது புரள்வதைப் பார்க்கிற நேரத்தில் லாயத்தில் இருந்ததே இல்லை.

சேணத்தைப் பார்த்ததும் காதைச் சாய்க்கிறது, வார் இறுக்கும்போது கடிக்க வருகிறது

மிகவும் அடிக்கடி வருவதும், மிகவும் அடிக்கடி அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: சேணம், வயிறு, மார்பெலும்புப் பகுதித் தசை.

முதலில் சேணம். துணி எதுவும் போடாமல், வெறும் முதுகில் சேணத்தை விதர்ஸ் மேல் வைத்துப் பின்னால் தள்ளுங்கள். அதுவாக ஓரிடத்தில் நிற்கும். அந்த நிலையில் அதன் முன்விளிம்பு தோள்பட்டை எலும்பை விட்டு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். அடுத்தது முன்வளைவு. ஆள் ஏறிய பிறகும் விதர்ஸுக்கு மேல் இரண்டு விரல் நுழைய வேண்டும்; ஆள் இல்லாமல் நுழைவது கணக்கில் இல்லை. நடுவில் ஓடும் கால்வாய் முன்னாலிருந்து பின்னால் வரை மூன்று விரல் அகலமாவது இருந்தால்தான் முள்முனைகள் மேல் பாரம் இறங்காது. பின் எல்லைக்கு, கடைசி விலா எலும்பைக் கையால் தேடி, அதன் வளைவைப் பின்தொடர்ந்து முதுகு வரை மேலே வாருங்கள். குதிரைக்கு விலா 18 ஜோடி. பதினெட்டாவது மார்பு முதுகெலும்போடு விலாக் கூடு முடிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்பு முதுகுக்குக் கீழே தாங்கக் கூடு இல்லை. சேணத்தின் பாரம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

இப்போது உள்ளங்கையைச் சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவில் விட்டு முன்னாலிருந்து பின்னால் நகர்த்துங்கள். முன்னாலும் பின்னாலும் இறுகி, நடுவில் கை சுலபமாகப் போகிறதென்றால் அந்தச் சேணம் பாலம்போல் இரண்டு முனையில் மட்டும் நிற்கிறது. ஏறுகிறவரின் பாரம் முழுவதும் நான்கு உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கும்.

நம் ஊர் வெயில் இதில் ஒரு உதவி செய்கிறது. அரை மணி சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும், துடைப்பதற்கு முன்னால் முதுகைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். சுற்றிலும் வியர்வை, நடுவில் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு என்றால், அங்கே அழுத்தம் அதிகமாகி வியர்வை வர முடியாமல் போயிருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் தடம். மயிருக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போன இடம். சாம்பல், வெள்ளைக் குதிரைகளில் இது தெரியாமல் போகும்; கையால்தான் தேட வேண்டும்.

சேணம் பொருந்தவில்லை என்று தெரிந்ததும் சேணத்துக்கு அடியில் போடும் கனமான கம்பளி விரிப்பான நம்தாவை இன்னொன்று சேர்ப்பது வழக்கம். சேணம் அகலமாக இருந்தால் சில நாள் உதவும். குறுகலாக இருந்தால் வலியைக் கூட்டும்: இறுகிய மோதிரத்துக்குள் துணி சுற்றிய விரலை நுழைப்பது போல. கான்பூரில் தைத்ததா, கடல் கடந்து வந்ததா என்பது விஷயமே இல்லை. உள்ளே இருக்கும் சட்டத்தின் அகலம் அந்தக் குதிரைக்குச் சரியா என்பதுதான். பந்தயக் குதிரைகளுக்கு விதர்ஸ் உயரமாக, குறுகலாக இருக்கும். சவாரிப் பள்ளிகளில் ஐந்து குதிரைக்கு இரண்டு சேணம் என்று மாற்றிமாற்றிப் போடுவது சிக்கனம்போல் தெரியும். ஒரு குதிரை மூன்று மாதம் நின்றுபோனால் ஆகும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சேணம் சரியாக இருந்தும் வார் இறுக்கும்போது கடித்தால் வயிற்றுப் புண்ணை நினையுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டாலும் சுரக்கும், பட்டினியாக இருந்தாலும் சுரக்கும். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்திலிருந்து காப்பு இல்லை. காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் சவாரிக்குக் கொண்டுபோனால், ஓட்டத்தில் வயிறு அழுந்தி, அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கும். நம்மிடம் இது அதிகம் வர நியாயம் இருக்கிறது: கொள்ளும் தவிடும் நிறைய, புல் குறைவு, இரவு முழுவதும் காலித் தொட்டி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 450 கிலோ குதிரைக்கு, உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம் உலர்தீவனம் வேண்டும்; அதாவது ஏறக்குறைய 7 கிலோ. காய்ந்த புல்லாகப் போட்டால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போதும். பச்சை நேப்பியர் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அந்த 7 கிலோவுக்கு 35 கிலோ பச்சைப்புல் போட வேண்டும். ஒரு கட்டுப் புல் போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நேப்பியரும் கோதுமைத் தவிடும் மட்டுமே தீனியாக இருந்தால் இன்னொரு கேடும் உண்டு. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். ஒரு நாள் இந்தக் கால், ஒரு நாள் அந்தக் கால் என்று தாங்கி நடக்கும் குதிரை, முதுகு விறைத்த குதிரை, கன்ன எலும்பு உப்பிய குதிரை கண்டால் தீனியைச் சந்தேகியுங்கள். குதிரைமசால் என்ற தீவனப்பயிர், இதற்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நல்லது. கால்சியம் தரும், அமிலத்தையும் தணிக்கும். சவாரிக்கு அரை மணி முன்னால் இரண்டு கைப்பிடி குதிரைமசால் கொடுப்பதை நாங்கள் இப்போது எந்தக் குதிரைக்கும் தவறவிடுவதில்லை.

புண் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல, ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பதுதான் வழி. அது கிடைக்காத ஊரில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தை டாக்டர் கொடுத்துப் பார்க்கலாம். மனிதர்களுக்கான கேப்சூலைப் பிரித்துத் தவிட்டில் கலந்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருந்தைச் சுற்றியிருக்கும் காப்பு உடைந்தால் அது இரைப்பை அமிலத்திலேயே வீணாகிவிடும்.

மூன்றாவது, வாரை ஒரே இழுப்பில் இறுக்குவது. முன்னங்காலுக்குப் பின்னால் உள்ள தசை அதில் கிள்ளுப்படும். முதலில் தளர்வாக, ஐந்து நிமிடம் நடக்கவிட்டு ஒரு துளை, ஏறும் முன் இன்னொரு துளை என்று மூன்று கட்டமாக இறுக்குங்கள்.

ஏறும்போது நகர்ந்துவிடுகிறது

தரையிலிருந்து இடது அங்கவடியில் கால் வைத்து எம்பும்போது, நம் முழு எடையும் சேணத்தை இடப்பக்கம் இழுத்து, வலப்பக்க விதர்ஸைப் போய் இடிக்கிறது. தினம் பத்துப் பேர் ஏறும் பள்ளிக் குதிரைக்குத் தினம் பத்து இடி. ஒரு மர முக்காலி அல்லது சிமெண்டுத் திட்டு போதும். திட்டிலிருந்து மெதுவாக உட்கார்ந்தும் குதிரை முதுகைத் தாழ்த்திக் குனிந்தால் வலி உறுதி. சேணத்தையும் கை சொன்ன இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் வில்போல் வளைந்து நிற்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது

இதைக் ‘கோல்ட் பேக்’ என்று சொல்லி, அந்தக் குதிரையின் சுபாவம் என்று விட்டுவிடுகிறார்கள். சூடேறியதும் வலி மங்குவது மூட்டுத் தேய்மானத்திலும் தசைப்பிடிப்பிலும் நடப்பதுதான். சரியாகிவிட்டது என்பதற்கு வலி இல்லை என்று பொருள் இல்லை. ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள், வெறும் முதுகில் லஞ்ச் கயிற்றில் (நாம் நடுவில் நின்று குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் நீளக் கயிறு) இரண்டு பக்கமும் சுற்றவிட்டுப் பாருங்கள். சேணம் இல்லாமலும் விறைப்பு இருந்தால் முதுகிலோ காலிலோ காரணம். சேணம் வைத்ததும் மட்டும் வந்தால் சேணம். ஆள் ஏறியதும் மட்டும் வந்தால் பாரமும் ஏறுகிறவரும்.

கேண்டரில் உதறுகிறது, ஒரு பக்கம் மட்டும் மறுக்கிறது

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் பின்னங்காலை விட்டுவிடுகிறோம். பின்னங்கால் மூட்டில் வலி உள்ள குதிரை அந்தக் காலைக் காக்க முதுகை இறுக்கிப் பிடித்து ஓடும். சில வாரத்தில் முதுகும் வலிக்கத் தொடங்கும். முதுகுக்குத் தேய்ப்பதெல்லாம் அன்றைக்கு மட்டும் நிம்மதி.

பார்க்க வேண்டியவை: கேண்டரில் முன்னங்கால் ஒரு பக்கமும் பின்னங்கால் மறுபக்கமுமாகப் போகிறதா? இரண்டு பின்னங்காலையும் முயல்போல் சேர்த்துக் குதிக்கிறதா? இதைச் செய்யும் குதிரைக்கு இடுப்பெலும்பும் திரிகமும் (முதுகெலும்பின் இடுப்புக்குள் இருக்கும் பகுதி) சேரும் மூட்டில் வலி இருக்கலாம். ட்ராட்டில், அதாவது துள்ளுநடையில், பின்னாலிருந்து பார்த்தால் பிட்டத்தின் ஒரு பக்கம் அதிகமாக ஏறி இறங்குகிறதா? ஒரு பின்குளம்பின் முனை மட்டும் மழுங்கித் தேய்ந்திருக்கிறதா?

சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிவதும் இதில் சேரும். சேணம் கோணல், ஏறுகிறவர் கோணல் என்று நினைப்போம். பின்னங்கால் தாங்கி நடப்பதாலேயே சேணம் சரியும் என்பதை லைன் கிரீவும் சூ டைசனும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கால்வலியை ஊசியால் மரக்கச்செய்ததும் பெரும்பாலான குதிரைகளில் சேணம் நேராகிவிட்டது. முத்துவின் சேணமும் வலப்பக்கம் சரிந்துகொண்டேதான் இருந்தது. நாங்கள் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினோம்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். இரண்டு வயதிலிருந்து ஓடியிருக்கும். ஒரு கிலோகூட வராத சேணம், ஐம்பது அறுபது கிலோ ஜாக்கி, அவரும் முதுகில் உட்காராமல் அங்கவடியில் நின்றபடி. அதுவும் ஒரே திசையில் சுற்றும் தளம். அதை வாங்கிய மறுவாரமே எட்டுக் கிலோ சேணம் போட்டு, எண்பது கிலோ ஆளை முழுதாக உட்காரவைத்து, இரு பக்கமும் சிறுவட்டம் போடச் சொல்கிறோம். அந்த முதுகுக்கு அதைத் தாங்கும் தசையே உருவாகியிருக்காது. மூன்று நான்கு மாதமாவது கட்டியெழுப்ப வேண்டிய தசை அது.

லாடம் அடிக்கும்போது பின்னங்காலைத் தர மறுக்கிறது

லாடக்காரரை உதைக்கும் குதிரையை அடிக்கும் முன்னால் யோசியுங்கள்: காலை உயரத் தூக்கி நெடுநேரம் பிடித்தால் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். முன்பு தந்த கால், இப்போது தரவில்லையென்றால் அது முதல் அறிகுறி. தாழ்வாகப் பிடித்து, நடுவில் இறக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். லாடத்தை 4 முதல் 6 வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். முனை நீண்டு குதிகால் தாழ்ந்த குளம்போடு ஓடினால் தசைநாணும் முதுகும் சேர்ந்து இழுபடும்.

தலையை உதறுகிறது, வாயைத் திறக்கிறது, நாக்கை வெளியே விடுகிறது

பல் பார்க்காமல் வாய்க்கம்பியை மாற்றாதீர்கள். குதிரைக்குப் பல் வளர்ந்துகொண்டே வரும். மேல்தாடைப் பற்களின் வெளிவிளிம்பும் கீழ்த்தாடைப் பற்களின் உள்விளிம்பும் கத்திபோல் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது அராவிவிட வேண்டும். வாயில் புண் உள்ள குதிரை லகானைத் தவிர்க்கத் தலையைத் தூக்கும். தலை தூக்கினால் முதுகு பள்ளமாகும். பள்ளமான முதுகில் உட்கார்ந்தால் வலிக்கும். இப்படி வாயில் தொடங்கியது முதுகில் வந்து முடியும். தலையைக் கட்டுக்குள் கொண்டுவர, தலை மேலே போகாமல் தடுக்கும் வாரான மார்ட்டிங்கேலும் இறுக்கமான மூக்குவாரும் போடுவது வலியை அடைத்து வைப்பதுதான். நாங்கள் போட்டோம். உதறல் கூடியது.

ஒருவர் ஏறினால் மட்டும்

ஏறுகிறவரும் சேணமும் மற்றதும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. முதுகு பலவீனமான, வயதான, மெலிந்த குதிரைக்கு 15 சதவீதம், அதாவது 67 கிலோவோடு நிறுத்திக்கொள்வேன். எடை குறைவாக இருந்தும் ட்ராட்டில் தாளம் பிடிக்காமல் தொப்தொப்பென்று விழும் புது மாணவர், கனமான நல்ல சவாரிக்காரரைவிட அதிகம் நோகடிப்பார். முதல் இருபது பாடத்தை ஒரே குதிரையின் முதுகில் போடாமல் பகிர்ந்து கொடுங்கள். மாணவரிடம் இதைச் சொல்வதில் தவறே இல்லை. குதிரை மேல் பிரியம் உள்ளவர் புரிந்துகொள்வார்.

பெண் குதிரை, சில நாள் மட்டும்

ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை தொந்தரவு திரும்புகிறதா என்று நோட்டில் பாருங்கள். பருவ நாள்களில் இடுப்பு தொடக் கூசும் குதிரைகள் உண்டு. மாதம் முழுவதும் ஆண் குதிரைபோல் முரட்டுத்தனம் காட்டினால் சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

எதுவும் தெளிவாக இல்லை, ஆனால் சவாரி சுகமாக இல்லை

இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2018-ல் பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசனும் சக ஆய்வாளர்களும் ஆள் ஏறியிருக்கும் குதிரையிடம் பார்க்க வேண்டிய 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார்கள். காது ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடிந்திருப்பது, வெறித்த பார்வை, பத்து விநாடிக்கு மேல் வாய் திறந்திருப்பது, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, வாலை ஓயாமல் வீசுவது அல்லது ஒட்டவைத்துக்கொள்வது, தானாக நடை மாற்றுவது, தடுக்குவது, முன்னே போக மறுப்பது, உதறுவது, முன்கால் தூக்கி நிற்பது எல்லாம் அதில் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒரு நண்பரை போனில் பத்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லி, வீட்டில் உட்கார்ந்து எண்ணுங்கள். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு முகம் தெரியாது. முத்துவின் பழைய வீடியோ ஒன்றை வெகுநாள் கழித்து எண்ணினேன். பதினொன்று வந்தது. அந்த வீடியோவை, குதிரை நன்றாகப் போன நாள் என்று நினைத்துச் சேமித்து வைத்திருந்தேன்.

டாக்டரிடம் போகும்போது

நோட்டையும் வீடியோவையும் சேணத்தையும் கூடவே கொண்டுபோங்கள். கால்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மடக்கிப் பிடித்து ஓடவிடும் சோதனை, லஞ்ச் கயிற்றில் கெட்டித் தரையிலும் மணலிலும் பார்ப்பது எல்லாம் முதுகு எக்ஸ்ரேவுக்கு முன்னால் வர வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் குதிரை பார்த்துப் பழகிய டாக்டரைத் தேடிக்கொள்வது முக்கியம். மாடு பார்ப்பவர் எல்லோருக்கும் குதிரை முதுகு பழக்கமாக இருக்காது.

முள்முனைகள் உரசுவது பெரும்பாலும் 13 முதல் 18 வரையான மார்பு முதுகெலும்புகளில், அதாவது நேராகச் சேணத்தின் கீழே. பந்தயக் குதிரை இனத்தில் இது நிறைய. ஆனால் எக்ஸ்ரேயில் உரசல் தெரிந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும் குதிரைகளும் உண்டு. படத்தைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், அந்த இடத்தை மரக்கும் ஊசியால் மரக்கச்செய்து நடை மாறுகிறதா என்று பார்ப்பது நல்லது. முத்துவுக்கு ஊசி போட்ட இருபது நிமிடத்தில் முதுகை அசைத்து நடந்தது. இப்படியும் இது நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

உரசல்தான் காரணம் என்றால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி, கூடவே பயிற்சி என்று தொடங்குவார்கள். அதில் தீராவிட்டால் முள்முனைகளுக்கு நடுவில் உள்ள தசைநாரை வெட்டிவிடும் அறுவையும், எலும்பையே செதுக்கும் அறுவையும் உண்டு. எதைச் செய்தாலும் பிறகு முதுகுத் தசையை வளர்க்காவிட்டால் திரும்ப வந்துவிடும்.

வலிமாத்திரை கொடுத்து ஓட்டிப் பார்ப்பது பற்றி: டாக்டர் சொன்ன அளவில் சில நாள் பினைல்பியூட்டசோன் கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் வலி. மாறாவிட்டால் வலி இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்றுப்புண் சந்தேகம் இருந்தால் இந்த மருந்தே புண்ணைக் கூட்டும். டைக்ளோஃபெனாக் ஊசியை மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால்நடைக்கு அது 2006-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற கழுகுகள் கூட்டம்கூட்டமாகச் செத்ததால். நீலகிரி அடிவாரத்தில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளை நினைத்தாவது அதைத் தொடாதீர்கள்.

வலி போன பிறகும் நடத்தை போகவில்லை

இதை எதிர்பார்த்தே இருங்கள். சேணம் என்றால் வலி என்று ஒன்றரை வருடம் கற்றுக்கொண்ட குதிரை, பதினைந்து நாளில் மறக்காது. முதல் வாரங்களில் ஏறவே ஏறாதீர்கள். கேரட்டை மார்புக்கு நடுவில், முன்னங்கால்களுக்கு இடையில், விலாப் பக்கம், இடுப்புப் பக்கம் என்று காட்டி, கழுத்தை மெதுவாக வளைத்துச் சில விநாடி நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை, வாரத்தில் ஐந்து நாள். இப்படி 3 மாதம் செய்த குதிரைகளில் முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசை பெரிதானதை ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். செலவு கேரட் மட்டும்.

பிறகு தரையில் மூங்கில் கழிகளைப் போட்டு நடக்கவைப்பது. பிறகு தலையைத் தாழ்த்தி நீட்டி லஞ்ச் கயிற்றில் ட்ராட், ஒரு பக்கம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு சேணம் மட்டும், வார் தளர்வாக, தீனித்தொட்டி பக்கத்திலேயே. காது முன்னால் திரும்பிய பிறகுதான் அடுத்த துளை. ஆள் ஏறும் முதல் நாள், கனம் குறைந்த, கை மென்மையான ஒருவர், பத்து நிமிடம், நடை மட்டும். எந்தக் கட்டத்திலாவது பழைய முகம் திரும்பினால் முந்தைய கட்டத்துக்குப் போய் ஒரு வாரம் இருங்கள். அடிக்காதீர்கள், பயத்தில் செய்வதும் வலியில் செய்வதும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

முத்துவுக்கு ஐந்து மாதம் ஆனது. இப்போது முப்பத்தைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள், 60 கிலோவுக்குக் கீழ் உள்ளவர்கள் மட்டும், தாண்டுதல் இல்லை. இன்றும் வாரை இரண்டாவது துளைக்குக் கொண்டுபோகும்போது தலையைத் திருப்பி நம் கையைப் பார்க்கும். அப்போது நிறுத்திவிடுவோம். அது முன்னால் திரும்பியதும் இறுக்குவோம்.